புரொபசரம்மா வீட்டுக்காரர்!

கடலோரமாக ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு காலேஜ். அந்தக் காலேஜில் வேலை. சொல்லிப் பாருங்கள், சொல்லும்போதே நெஞ்சு குளிரும்! ஆபீஸில் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, "பேசாம எங்கேயாவது கடற்கரைப் பக்கம் போய் செட்டிலாயிடணும் சார்" என்று பெருமூச்சு விடாத ஆசாமி சென்னையில் கிடையாது. அப்படிப் பெருமூச்சு விட்டவர்களில் நிஜமாகவே மூட்டை கட்டியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒரு விரல் அடியேன்.

2023 ஜூன் மாதம். என் மனைவிக்குத் திருச்செந்தூரில் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியை வேலை கிடைத்தது. பையனுக்கு அப்போது நாலு வயது. நானோ பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருப்பவன். பேனாவுக்கு எந்த ஊராக இருந்தால் என்ன? கிளம்பிவிட்டோம்.

திருச்செந்தூர் என்றதும் எல்லோருக்கும் முருகன்தான் ஞாபகத்துக்கு வருவார். குடியிருந்து பார்த்தால்தான் இது காலேஜ் ஊரும்கூட என்பது தெரியும். 1965-ல் ஆதித்தனார் கலை அறிவியல் கல்லூரி வந்தது. அப்புறம் பெண்களுக்குத் தனியாக ஒரு கல்லூரி, உடற்கல்விக்கு ஒன்று, 1995-ல் இன்ஜினீயரிங் கல்லூரி. காலை எட்டரை மணிக்கு பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள், இன்னொரு பக்கம் ஐ.டி. கார்டு தொங்கும் கழுத்துகள். இரண்டு கூட்டமும் ஒரே டீக்கடையில் முட்டிக்கொள்ளும்!

ஊர் மாறுகிறவர்கள் எல்லோரும் ஒரு கணக்குப் போடுவார்கள். நான் காமர்ஸ்காரன் ஆயிற்றே, முழுத்தாளில் நடுவே கோடு கிழித்தே போட்டேன்.

வரவு: வாடகை சென்னையில் கொடுத்ததில் பாதி. மனைவி வேலைக்குப் போய்ச் சேர பத்து நிமிஷம். (சென்னையில் அந்த நேரத்தில் ஒரு சிக்னல்தான் தாண்டலாம்.) பையனுக்கு மணலும் அலையும் இலவசம்.

செலவு: பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் தூத்துக்குடி சுமார் 40 கிலோமீட்டர், திருநெல்வேலி சுமார் 60. சென்னைக்கு ராத்திரி ரயில் ஏறினால் மறுநாள் முற்பகலில்தான் இறங்கலாம். செந்தூர் எக்ஸ்பிரஸ் மதுரை, திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் என்று சொந்தபந்தம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் போகும்.

இந்த இரண்டு பக்கத்திலும் அடங்காத ஐட்டம் ஒன்று உண்டு. கடைசியில் மொத்தக் கணக்கையும் தீர்மானிப்பது அதுதான். அதற்கு வருவதற்கு முன்னால் வீடு பிடித்துவிடுவோம்.

வீடு தேடும் படலம்

"எந்த ஊரு?"

"சென்னைங்க."

"அது சரி... பூர்வீகம்?"

சொன்னேன்.

"அங்ஙன எந்தப் பக்கம்?"

அதையும் சொன்னேன்.

"குலதெய்வம் எது?"

குலதெய்வத்தை விசாரிக்கிறாரே, எவ்வளவு பக்தியான மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் சுற்றி வந்து கேட்கிற கேள்வி அது. பதில் பிடிக்காவிட்டால், "மக வாரேன்னு சொல்லியிருக்கா, வீடு இப்பம் விடுறதா இல்ல" என்பார்கள். அந்த மகள் மூன்று தெருவில் மூன்று வீட்டுக்கு வருவதாக இருந்தாள்! சென்னையிலும் இது உண்டு. அங்கே புரோக்கரை விட்டுக் கேட்பார்கள், இங்கே வீட்டுக்காரரே கேட்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். கடலோர அமைதியைத் தேடிக் கிளம்புகிற நண்பர்கள் இதையும் எதிர்பார்த்தே வாருங்கள்.

கடைசியில் வீடு கொடுத்தவர் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். அவர் கேட்டது ஒரே கேள்வி. "சஷ்டிக்கு உங்க வீட்டுக்கு எத்தனை பேரு வருவாவ?" தண்ணீர்க் கவலை! இந்தக் கடலோரத்தில் கிணறு தோண்டினால் பெரும்பாலும் உப்புக் கரிக்கும். குடிதண்ணீர் தாமிரபரணி புண்ணியத்தில்தான். கோயில் பக்கத்தில் கடலை ஒட்டியே இருக்கிற நாழிக்கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர். ஆனால் அந்த வசதி முருகனுக்குத்தான். வாடகைக்கு இருப்பவனுக்குக் கிடையாது.

உப்பு என்னும் குடித்தனக்காரர்

உப்புக் காற்று நம்மோடு கூடவே குடியிருக்கும், வாடகையில் மட்டும் பங்கு தராது. ஜன்னல் கம்பி, கேட் தாழ்ப்பாள், ஸ்கூட்டர் சைலன்ஸர், ஃபிரிட்ஜின் பின்பக்கம் என்று எதையும் விட்டு வைக்காது. வருமான வரிக் கணக்கில் சாதாரண இயந்திரங்களுக்கு வருஷத்துக்கு 15 சதவிகிதம் தேய்மானம் எழுதலாம். அந்த விகிதத்தை நிர்ணயித்தவர் கடலோரத்தில் குடியிருந்ததில்லை என்பது நிச்சயம்!

அதற்கு ஈடும் உண்டு. அமலி நகர் பக்கம் படகு கரையேறிய சூட்டோடு சாளையும் பாறையும் வாங்கலாம். காபிக்கு உடன்குடிக் கருப்பட்டி. சீசனில் பதநீர், நுங்கு. சென்னையில் ஐஸ் பெட்டிக்குள் கண் மூடிக் கிடக்கிற மீனையே பார்த்துப் பழகிய பையன், இங்கே துள்ளுகிற மீனைப் பார்த்து, "அப்பா, இது இன்னும் மீன் ஆகல!" என்றான்.

பாசத்துக்கும் பஞ்சாங்கம்

கோயில் ஊரில் வீடு எடுத்தவனுக்கு உறவினர் பஞ்சம் கிடையாது. தைப்பூசம், மாசித் திருவிழா, வைகாசி விசாகம், ஆவணித் திருவிழா, ஐப்பசியில் கந்த சஷ்டி. போதாததற்குப் பௌர்ணமிதோறும் கடற்கரையில் ராத்தங்கல். சென்னையில் பத்து வருஷம் பக்கத்துத் தெருவில் இருந்தும் எட்டிப் பார்க்காத ஒன்றுவிட்ட சித்தப்பா போன் செய்தார். "உன்னையும் குழந்தையையும் பார்க்கணும்போல இருக்குடா!"

"எப்ப வர்றீங்க சித்தப்பா?"

"சூரசம்ஹாரத்துக்கு முந்தின நாள்."

பதினோரு பேர் வந்தார்கள். வீட்டில் இருப்பது ஒரு பாத்ரூம். எதிர்வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு ஒரு அண்டாவும் நாலு குடம் தண்ணீரும் கொடுத்தனுப்பினார்கள். கேட்கவே இல்லை, வந்தது. இந்த அண்டாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு மாதம் முன்னால் குலசேகரன்பட்டினம் தசரா. மாலை போட்டவர்கள் காளி, குறவன், குரங்கு, போலீஸ் என்று வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகக் காணிக்கை வாங்க வருவார்கள். ஒரு நாள் காலையில் கதவைத் திறந்த பையன் உள்ளே ஓடி வந்து, "அம்மா, உங்க காலேஜ் மேடம் வந்திருக்காங்க!" என்றான். வாசலில், நாக்கை நீட்டிக்கொண்டு, எட்டுக் கையோடு சாட்சாத் காளி!

"சாருக்கு என்ன சோலி?"

இப்போது அந்த விட்டுப்போன ஐட்டத்துக்கு வருகிறேன்.

மனைவிக்கு இந்த ஊர் ஒரே வாரத்தில் கிடைத்துவிட்டது. காலேஜில் டிபார்ட்மென்ட், டைம் டேபிள், "குட்மார்னிங் மேம்" சொல்ல அறுபது பிள்ளைகள், சேர்ந்து சாப்பிட நாலு டீச்சர்கள். பையனுக்கு மூன்று நாள்கூட ஆகவில்லை. நாலாம் நாள் என்னைப் பார்த்து, "எங்க போறிய?" என்றான்.

எனக்கு? காலை 11 மணிக்குப் பால் வாங்கப் போவேன். தெருவே பார்க்கும். "சாருக்கு இன்னிக்கு லீவா?"

"இல்லீங்க, வீட்டிலிருந்தே எழுதுறேன்."

"ஓ... எழுதுறியளா." சற்று நேரம் மௌனம். "அப்பம் சோலி?"

இரண்டே மாதத்தில் தெருவில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். பாவம், அவியளுக்கு சோலி இல்ல. புரொபசரம்மா சம்பாத்தியம்தான். என் பெயரை யாரும் கேட்கவில்லை. கூரியர்காரர், கேஸ்காரர், கறிகாய் வண்டிக்காரர் எல்லோருக்கும் நான் 'புரொபசரம்மா வீட்டுக்காரர்'.

ஒருநாள் ராத்திரி மனைவியிடம் புலம்பினேன். அவள் விடைத்தாள் கட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "எங்க அப்பாவோட பேங்க் டிரான்ஸ்ஃபருக்கு அம்மா ஏழு ஊர் போனாங்க. ஏழு ஊர்லயும் அவங்களுக்குப் பேரே கிடையாது. மேனேஜர் வீட்டம்மாதான். உங்களுக்கு ஒரு ஊரு. அதுக்கேவா?"

ஆண் பிள்ளைகளே, இதைக் கொஞ்சம் யோசியுங்கள். டிரான்ஸ்ஃபர் ஆர்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "கிளம்பு" என்று சொல்கிறோம். நமக்கு அந்த ஊரில் நாற்காலி தயாராக இருக்கிறது. மேஜையில் பெயர்ப் பலகைகூட இருக்கும். வேலைக்கு வருகிறவருக்கு ஊர் சம்பளத்தோடு சேர்ந்து வந்துவிடும். கூட வருகிறவர்தான் ஊரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவருக்கு ஊர் கிடைத்தால் குடும்பம் தங்கும், கிடைக்காவிட்டால் லாரி திரும்பும். வாடகை, காற்று, கடல் எல்லாம் அப்புறம்.

எங்களோடு அதே ஜூனில் இன்னொரு குடும்பம் வந்தது. கணவர் லெக்சரர். மனைவி சென்னையில் சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு வந்த பெண். அவர் காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு, எல்லாச் சாமானையும் கூரியரில் வரவழைத்து, யாரிடமும் ஒரு பைசா பாக்கி இல்லாமல் சுத்தமாக வாழ்ந்தார். அடுத்த ஏப்ரலில் லாரி வந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 'நீ அங்கே என்ன பண்ணுவே?' என்று கிளம்பும்போது அவரை யாராவது கேட்டிருந்தால் ஒருவேளை அந்த லாரி வந்திருக்காது.

சரி, கூட வந்தவருக்கு ஊர் எப்படித்தான் கிடைக்கும்? எனக்குக் கிடைத்தது ஒரு மழையில்.

டிசம்பர் 17

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து கொட்டிய மழை மறுநாளும் விடவில்லை. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்கிற மழையே சராசரியாக அதைவிடக் குறைவு! கரண்ட் போயிற்று. செல்போன் செத்தது. தாமிரபரணி கரை புரண்டு, தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் வழி அடைத்தது. என் தாளில் எழுதி வைத்திருந்த 40-ம் 60-ம் அன்று 4,000, 6,000 ஆகிவிட்டன.

எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பையனுக்கு வீசிங் உண்டு. ஈரக்காற்றில் அன்று ராத்திரி ஆரம்பித்துவிட்டது. மருந்து இருக்கிறது, நெபுலைசர் இருக்கிறது, அதை ஓட்டக் கரண்ட் இல்லை. வீட்டுக்காரரின் இன்வெர்ட்டரும் உயிரை விட்டிருந்தது. பையனின் விலா உள்ளே போய்ப் போய் வந்தது. மனைவி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இங்கும் அங்கும் நடந்தாள். நான் வாசலில் நின்று, "ஆச்சீ!" என்று கத்தினேன்.

ஆச்சி விஷயத்தைக் கேட்டார்கள். திரும்பிப் பக்கத்து வீட்டைப் பார்த்து ஒரு குரல். அவர்கள் அடுத்த வீட்டுக்கு ஒரு குரல். டவர் எல்லாம் செத்த ஊரில் சேதி தெருமுனை வரை போய்விட்டது. கால் மணியில் மளிகைக்கடை அண்ணாச்சி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, டார்ச்சோடு தண்ணீரில் வந்தார். அவர் பொறுப்பில் ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. மேடான இடம். அங்கே ஜெனரேட்டர். கார்த்திகை முகூர்த்தத்தில் மிச்சமான டீசல் அதில் கிடந்தது.

"புள்ளைய எங்கிட்டக் குடுங்க. நிய பைய வாங்க."

அவர் தோளில் பையன். மனைவியின் தலைமேல் நெபுலைசர். ஏற்கெனவே ஐம்பது பேர் தங்கியிருந்த மண்டபத்தில், டீசலை மிச்சம் பிடிக்க விளக்குகளைக்கூட அணைத்துவிட்டு, பையனுக்காக மட்டும் ஜெனரேட்டரைப் போட்டார்கள். பத்து நிமிஷம். மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு பத்து நிமிஷம். விடியும்போது இன்னொரு தடவை. ஆறு மணிக்குப் பையன் தூங்கிவிட்டான். நாங்கள் இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம், பேசவில்லை.

அதே ராத்திரி திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டதையும் சுமார் 800 பயணிகள் தவித்ததையும் பிற்பாடு பேப்பரில் படித்தேன். பக்கத்துப் புதுக்குடி கிராமத்து ஜனங்கள், தங்களிடம் இருந்த அரிசி பருப்பைப் போட்டுச் சமைத்து, முகம் தெரியாத அந்தப் பயணிகளுக்குச் சாப்பாடு போட்டார்கள். அவர்கள் ஊரிலும் அதே வெள்ளம்தான்.

தண்ணீர் வடிந்ததும் அண்ணாச்சி கடைக்குப் போனேன். "டீசலுக்கு எவ்வளவு ஆச்சு அண்ணாச்சி?"

அவர் தராசில் சீனி நிறுத்துக்கொண்டிருந்தார். முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "தம்பி, காசு வாங்கினா கணக்கு முடிஞ்சுபோயிரும். கடன் நிக்கட்டும். கடன் நின்னாத்தான போக்குவரத்து இருக்கும்?"

பி.காமில் நான் படித்ததெல்லாம் கணக்கை எப்படி முடிப்பது என்றுதான். முடிக்காமல் வைத்திருப்பதும் ஒரு கணக்கு என்பதைத் தராசுக்காரர் சொல்லித்தான் கேட்கிறேன். யோசித்துப் பாருங்கள். இங்கே பாத்திரம் காலியாகத் திரும்பிப் போகாது. குழம்பு வந்த கிண்ணத்தில் பாயசம் போகும். பாயசம் போன கிண்ணத்தில் முருங்கைக்காய் வரும். யார் யாருக்குப் பாக்கி என்பது யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது! பட்டணத்தில் பணம் கொடுத்து அன்றைக்கன்று தீர்த்துவிடுகிற கணக்கை இங்கே தீர்க்காமல் இழுத்துக்கொண்டே போகிறார்கள். அந்த இழுவைக்குப் பெயர்தான் ஊர்.

என் கடனும் வட்டி போட்டு வளர்ந்தது. வெள்ளத்தில் நனைந்துபோன அண்ணாச்சியின் கணக்கு நோட்டுகளைக் காயவைத்து, ஜி.எஸ்.டி. விவரங்களைத் திரும்ப எழுதிக் கொடுத்தேன். அடுத்த வருஷம் அவர் மகள் பி.காம். சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் மொட்டை மாடியில் அவளுக்கு அக்கவுண்டன்சி சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். அவள் ஒரு தோழியைக் கூட்டி வந்தாள், தோழி ஒரு தம்பியை. இப்போது பதினோரு பேர். ஃபீஸ் கிடையாது. ஆனால் ஞாயிறு ராத்திரி எங்கள் அடுப்படியில் மீனோ கருப்பட்டியோ முருங்கைக்காயோ இல்லாமல் இருந்ததில்லை. "சாருக்கு என்ன சோலி?" என்று இப்போது ஒருவரும் கேட்பதில்லை. தெரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தேவைப்படவில்லை!

மூட்டை கட்டும் முன்...

• ஊரை ஒரு மழை நாளில் போய்ப் பாருங்கள், ஒரு திருவிழா நாளிலும் பாருங்கள். வெயிலடிக்கிற சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் எல்லாக் கடற்கரையும் அழகுதான்.

• வீட்டு வாசலில் நின்று, 'போன மழையில் இங்கே தண்ணீர் எதுவரை வந்தது?' என்று கேளுங்கள். வீட்டுக்காரரிடம் வேண்டாம், எதிர்வீட்டில்!

• குழந்தைக்குத் தொடர்ந்து கொடுக்கிற மருந்து ஒரு மாதத்துக்குக் கையிருப்பில் இருக்கட்டும். நெபுலைசர் தேவைப்படுகிற வீட்டில் பேட்டரியில் ஓடுவதாக ஒன்று இருக்கட்டும்.

• கல்லூரிகள் ஜூனில் திறக்கும். நல்ல பள்ளிக்கூடத்தில் இடமும் நல்ல வீடும் அதற்கு முன்பே போய்விடும். மே மாதமே ஒரு நடை வந்துவிடுங்கள்.

• வேலைக்குப் போகாமல் கூட வருகிறவரிடம், அது மனைவியோ கணவனோ, கிளம்புமுன் கேளுங்கள்: "அங்கே காலையில 11 மணிக்கு நீ என்ன செய்துகிட்டிருப்பே?" பதில் வருகிறவரை லாரிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

• போய்ச் சேர்ந்த முதல் வாரமே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஏதாவது கடன் கேளுங்கள். அரை டம்ளர் சர்க்கரை போதும்.

வீட்டில் சர்க்கரை இருந்தாலும் பரவாயில்லை!